பள்ளிக்குக் கம்ப்யூட்டர்: யாரிடம் கேட்பது? எப்படிக் கேட்பது?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? இருந்தால் அது வேலை செய்கிறதா? பிள்ளைகள் அதைத் தொட்டுப் பழகுகிறார்களா? இல்லை, அறைக்குள் பூட்டிக் கிடக்கிறதா?

வசதி உள்ள வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளும். கூலி வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அதனால்தான் பல மாநிலங்களில் ஆசிரியர்கள் இதை அரசிடம் கேட்டு வாங்கப் பாடுபடுகிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது?

அது மக்களின் வரிப்பணம். நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும்கூட வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்வது என்று அரசு ஆண்டுதோறும் கணக்குப் போடுகிறது. அதுதான் பட்ஜெட். சட்டமன்றம் ஒப்புதல் தந்தால்தான் மாநில அரசு அந்தப் பணத்தைச் செலவு செய்யலாம்.

மத்திய அரசும் பணம் தருகிறது. 2018 இல் 'சமக்ர சிக்ஷா' என்ற திட்டம் தொடங்கியது. பெரும்பாலான மாநிலங்களில் 100 ரூபாய் செலவில் 60 ரூபாய் மத்திய அரசின் பங்கு. 40 ரூபாய் மாநில அரசின் பங்கு. இதில் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கவும் வழி உண்டு.

பாராளுமன்ற உறுப்பினருக்கும் தொகுதி நிதி உண்டு. 1993 இல் இது தொடங்கியது. 2011 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்று உயர்ந்தது. அரசுப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்க இதிலிருந்தும் அவர் பரிந்துரை செய்யலாம்.

சட்டசபையில் ஆசிரியர் குரல்

சில மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு இரண்டு சபைகள் உண்டு. இரண்டாவது சபைக்கு மேலவை என்று பெயர். கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் மேலவை இருக்கிறது. இதில் 12 இல் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பள்ளிகளின் குறைகளை இந்த உறுப்பினர்கள் அரசிடம் நேராகக் கேட்கலாம். தமிழ்நாட்டில் இருந்த மேலவை 1986 இல் கலைக்கப்பட்டது.

மேலவை இல்லாத மாநிலத்தில் என்ன செய்வது? ஆசிரியர் சங்கங்கள் அமைச்சரைப் பார்க்கின்றன. எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கின்றன. மக்களிடமும் பேசுகின்றன. கேரளத்தில் அப்படித்தான் நடந்தது.

கேரளத்தின் கதை

1991 ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் அறிவித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2001 இல், பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்க 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது.

கம்ப்யூட்டர் தானாக வேலை செய்யாது. 'இதைச் செய், அதைச் செய்' என்று அதற்குச் சொல்லும் கட்டளைகள் வேண்டும். அவற்றுக்கு மென்பொருள் என்று பெயர். தொடக்கத்தில் ஒரே ஒரு நிறுவனத்தின் மென்பொருளை வைத்தே பாடம் நடந்தது. அதற்கு விலை உண்டு. நம் விருப்பம்போல் அதை மாற்றவும் முடியாது.

ஆசிரியர் சங்கத்தினர் இதை எதிர்த்தார்கள். "மக்கள் பணம் ஏன் ஒரே நிறுவனத்துக்குப் போக வேண்டும்? யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய, நம் மொழிக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருள் இருக்கிறதே!" என்பது அவர்கள் வாதம். அரசு அதற்குக் காது கொடுத்தது. கட்டற்ற மென்பொருளும் பாடத்தில் சேர்ந்தது. சில ஆண்டுகளில் பள்ளிகள் அதற்கே மாறின. மலையாளத்திலேயே பிள்ளைகள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார்கள். ஆசிரியர்களே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்.

2005 இல் 'விக்டர்ஸ்' என்ற கல்வித் தொலைக்காட்சியும் அங்கே தொடங்கியது. 2018 இல் 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளை நவீனமாக்கும் வேலை ஆரம்பமானது. வகுப்பறைக்கு ஒரு மடிக்கணினி, சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர், ஒலிபெருக்கி என்று வாங்கினார்கள்.

2020 இல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஜூன் 1 அன்று விக்டர்ஸ் தொலைக்காட்சியில் பாடம் தொடங்கியது. முன்பே ஏற்பாடு இருந்ததால் இது முடிந்தது. ஆனாலும் பல ஏழை வீடுகளில் டி.வி. இல்லை. அந்தப் பிள்ளைகளுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் டி.வி. வைத்தார்கள். கருவி எல்லோருக்கும் எட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

எதை எதைக் கேட்பது?

மாடு வாங்கினால் போதுமா? தீனியும் வேண்டும், தொழுவமும் வேண்டும். கம்ப்யூட்டரும் அப்படித்தான். சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒரு பள்ளிக்குக் கருவிகள் வாங்க ஒரு முறை 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரை என்று வகுத்தார்கள். நடைமுறைச் செலவுக்கு ஆண்டுதோறும் 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரை தனியாக வகுத்தார்கள். எனவே மனு எழுதும்போது இவற்றையும் சேர்த்து எழுத வேண்டும்:

1. தடையில்லாத மின்சாரம்.
2. பூட்டும் கதவும் உள்ள நல்ல அறை.
3. ஆசிரியருக்குப் பயிற்சி.
4. பழுது பார்க்கப் பணம்.
5. தாய்மொழியில் பாடம்.

பெற்றோருக்கு என்ன வேலை?

ஆசிரியர் மட்டும் கேட்டால் ஒரு குரல். ஊரே கேட்டால் பல குரல். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளியின் தேவைகளைத் திட்டமாக எழுதித் தருவது இந்தக் குழுவின் வேலை. அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் அரசு பணம் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

நேற்று வரை கைநாட்டு வைத்தவர் இன்று அந்தத் திட்டத்தைப் படிக்கலாம். விட்டுப் போனதைச் சேர்க்கச் சொல்லலாம். பிறகு கையெழுத்துப் போடலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். தெரிந்து கேட்டால் பள்ளிக்கும் கிடைக்கும்.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்?
2. உங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் பழுதானால் யார் சரி செய்கிறார்கள்?
3. உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதினால் முதலில் எதைக் கேட்பீர்கள்? ஐந்து வரியில் எழுதிப் பாருங்கள்.