குபெர்னெட்டிஸ் தொகுப்பை நிறுவ எந்த வழி சிறந்தது? நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை

வங்கிச் சேவை, பயணச்சீட்டு முன்பதிவு, இணைய வணிகம் ஆகியவற்றுக்கான மென்பொருள்கள் பல, இன்று ‘கன்டெய்னர்’ எனப்படும் சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு இயங்குகின்றன. இவற்றைப் பல சர்வர்களில் பகிர்ந்து இயக்கும் தளமே ‘குபெர்னெட்டிஸ்’. கூகுள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய திறந்தமூல மென்பொருள் இது.

சோதனைக்காக ஒரு மடிக்கணினியில் சில நிமிடங்களிலேயே இதனை நிறுவிவிடலாம். பொதுமக்கள் பயன்படுத்தும் சேவைக்கு நிறுவுவது வேறு. தளத்தின் கட்டுப்பாட்டுப் பகுதி முடங்கினால், ஓடிக்கொண்டிருக்கும் பொதிகள் தொடர்ந்து இயங்கக்கூடும்; ஆனால், பழுதான சர்வரின் பணிகள் வேறு சர்வருக்கு மாற்றப்படாது.

மூன்று வழிகள்

முதலாவது, கிளவுட் நிறுவனங்களின் சேவை. அமேசானின் இகேஎஸ், மைக்ரோசாஃப்ட்டின் ஏகேஎஸ், கூகுளின் ஜிகேஇ ஆகியவற்றில் கட்டுப்பாட்டுப் பகுதியை அந்த நிறுவனங்களே பராமரிக்கின்றன. எனினும், அணுகல் உரிமைகளை வரையறுப்பது வாடிக்கையாளரின் பொறுப்பே.

இரண்டாவது, ‘கியூப்அட்மின்’, ‘கியூப்ஸ்பிரே’ போன்ற கருவிகளைக் கொண்டு சொந்த சர்வர்களில் நிறுவுவது. முழுக் கட்டுப்பாடும் கிடைக்கும். முழுச் சுமையும் சேரும். கியூப்அட்மின் உருவாக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஓராண்டில் காலாவதியாகும். தொகுப்பின் நிலையைச் சேமிக்கும் ‘இடிசிடி’ தரவுத்தளம், ஒரு சர்வரின் இழப்பைத் தாங்க வேண்டுமெனில் குறைந்தது 3 சர்வர்களில் இயங்க வேண்டும்.

மூன்றாவது, ரெட் ஹேட் நிறுவனத்தின் ‘ஓபன்ஷிஃப்ட்’ போன்ற வணிகத் தொகுப்புகள். சந்தா செலுத்தினால் நிறுவும் கருவியுடன் தொழில்நுட்ப ஆதரவும் கிடைக்கும்.

இந்திய விதிமுறை

பணப்பரிவர்த்தனைத் தரவுகளை இந்தியாவிலேயே சேமிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. மேற்கண்ட மூன்று கிளவுட் நிறுவனங்களுக்கும் இந்தியாவில் தரவு மையங்கள் இருப்பதால், அவற்றின் சேவையை இந்த உத்தரவு தடுப்பதில்லை. ஆனால், தரவுகளும் அவற்றின் காப்புப் பிரதிகளும் எந்த மையத்தில் சேமிக்கப்படுகின்றன என்பதைத் தொடக்கத்திலேயே உறுதிசெய்ய வேண்டும்.

எதைக் கொண்டு முடிவெடுப்பது?

குபெர்னெட்டிஸின் புதிய பதிப்புகள் ஆண்டுக்கு மூன்று முறை வெளியாகின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 14 மாதங்களே திருத்தங்கள் வழங்கப்படுகின்றன. எனவே, நிறுவுவது ஒருநாள் வேலை. மேம்படுத்துவது தொடர் பணி. அப்பணிக்குத் தனிக் குழு இல்லாத நிறுவனத்துக்கு முதல் வழியே பாதுகாப்பானது. சொந்தத் தரவு மையமும் தேர்ந்த பொறியாளர்களும் உள்ள நிறுவனம் மற்ற இரண்டையும் பரிசீலிக்கலாம்.

எவ்வழியைத் தேர்ந்தாலும், பதிப்பை மேம்படுத்துவதையும் காப்புப் பிரதியிலிருந்து தொகுப்பை மீட்பதையும் ஒருமுறையேனும் ஒத்திகை பார்த்த பின்னரே, சேவையைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது நல்லது.