ஆய்வுக்கூடத்து மனிதப் புரதமும் அழையாத விருந்தாளியும்

"ஆய்வுக்கூடத்தில் மனிதப் புரதங்களை வைத்து வேலை பார்க்கிறேன்" என்று நம் சங்கக் கூட்டங்களில் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: "யார் உடம்பிலிருந்து சார் எடுக்கிறீங்க?" யார் உடம்பிலிருந்தும் இல்லை. பெரும்பாலும் பாக்டீரியா செய்து தருகிறது. அது எப்படி, அதில் எங்கே ஏமாற நேரிடும் என்பதை, பயோடெக்னாலஜி படிக்கும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களை மனதில் வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

செய்முறை

புரதம் என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த மாலை. எந்த வரிசையில் கோக்க வேண்டும் என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்கும் முறை மனிதனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே மனித மரபணுவின் குறிப்பை 'பிளாஸ்மிட்' எனும் வட்ட டி.என்.ஏ.வில் ஒட்டி ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் நுழைத்தால், அது மனிதப் புரதத்தையே கோத்துக் கொடுத்துவிடும். இப்படித்தான் 1977இல் 14 அமினோ அமிலங்கள் கொண்ட சொமாட்டோஸ்டாட்டினும், 1978இல் மனித இன்சுலினும் பாக்டீரியாவில் உருவாயின. அந்த இன்சுலின் 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது.

எங்கள் வேலை தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். சத்துக் குழம்பில் கொஞ்சம் பாக்டீரியாவை விட்டு, 37 டிகிரி சூட்டில் குலுக்கிக்கொண்டே இருந்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். பிறகு செல்களை உடைத்து, வேண்டிய புரதத்தை மட்டும் பிரிக்க வேண்டும். அதற்காகப் புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின்களை வால் போலச் சேர்த்திருப்போம். நிக்கல் நிரப்பிய குழாயில் ஊற்றினால் வால் ஒட்டிக்கொள்ளும். மற்றவை பெரும்பாலும் ஓடிவிடும்.

கூடவே வருவது

'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் சங்கடமே இருக்கிறது. ஈ. கோலையின் வெளிச்சுவரில் எண்டோடாக்சின் என்றொரு நச்சு உண்டு. செல்லை உடைக்கும்போது அது கலந்துவிடும், எளிதில் போகாது. நம் உடம்பின் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்களோ, ஒரு மில்லிலிட்டரில் ஒரு நானோகிராம் இருந்தாலே "கிருமி வந்துவிட்டது" என்று கூச்சல் போட்டு, டி.என்.எஃப். எனும் அழற்சிப் புரதத்தை வெளிவிடும்.

இதனால் வந்த குழப்பத்துக்கு நல்ல உதாரணம் எச்.எஸ்.பி.70. செல்லுக்கு நெருக்கடி வந்தால் பெருகும் மனிதப் புரதம் இது. பாக்டீரியாவில் செய்த இதை மேக்ரோஃபேஜ்கள் மேல் விட்டபோது டி.என்.எஃப். வந்தது. "உடம்பே தன் ஆபத்தை அறிவிக்கும் மணி இது" என்று 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பல கட்டுரைகள் எழுதின. 2003இல் காவோ, சான் எனும் இருவர், இருவேறு தயாரிப்புகளை ஒப்பிட்டார்கள். நன்கு தூய்மை செய்த எச்.எஸ்.பி.70 போட்டால் செல்கள் பேசாமல் இருந்தன. எண்டோடாக்சின் ஒட்டியிருந்த தயாரிப்புக்குத்தான் கூச்சல். அந்த நச்சை நீக்கியதும் அதுவும் அடங்கியது. ஆக, மணி அடித்தது மனிதப் புரதம் அல்ல, கூட வந்த பாக்டீரியா மிச்சம்! முந்தைய முடிவுகள் பலவற்றை மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று.

கண்டுபிடிப்பது எப்படி?

குதிரைலாட நண்டின் நீல ரத்தம் எண்டோடாக்சின் பட்டால் உறையும். அந்த ரத்தச் சாற்றை வைத்துத்தான் உலகெங்கும் பல ஆண்டுகளாகச் சோதிக்கிறார்கள். சிங்கப்பூர் விஞ்ஞானிகள், அங்குள்ள சதுப்புநிலக் குதிரைலாட நண்டின் மரபணுவை எடுத்து, 'ஃபாக்டர் சி' எனும் அதன் புரதத்தை நண்டே இல்லாமல் செய்யும் வழி கண்டார்கள். நம் ஒடிசா, வங்காளக் கரைகளிலும் இருக்கும் இனம்தான் அது. மரபணு மாற்றத்தால் செய்த புரதத்தைச் சோதிக்க, அதே வழியில் செய்த இன்னொரு புரதம்!

இதைவிட எளிய சோதனையும் உண்டு. எங்கள் கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்த மாணவி ஒருத்தி, தான் பிரித்த புரதத்தால் டி.என்.எஃப். எகிறியதைக் கண்டு குதித்தாள். "வெறும் பிளாஸ்மிட் வைத்த பாக்டீரியாவையும் இதே மாதிரி உடைத்து, அதே குழாயில் விட்டுப் பாரும்மா" என்றேன். அதுவும் அதே அளவு எகிறியது. முகம் வாடினாலும், அந்த வாரம் அவள் கற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

மனிதப் புரதம் 10 மைக்ரோகிராம் வாங்கவே பல ஆயிரம் ரூபாய் ஆகலாம். வாங்குமுன் உடன் வரும் விவரத்தாளில் மூன்றைப் பாருங்கள். எந்தச் செல்லில் செய்தது? (சர்க்கரைச் சங்கிலி ஒட்டவேண்டிய எரித்ரோபொயட்டின் போன்றவற்றைச் சாதாரண ஈ. கோலையால் முழுமையாகச் செய்ய முடியாது. அவற்றுக்குப் பாலூட்டிச் செல்கள் வேண்டும்.) ஒரு மைக்ரோகிராமுக்கு எத்தனை அலகு எண்டோடாக்சின்? உண்மையில் வேலை செய்கிறதா என்று செல்லில் சோதித்திருக்கிறார்களா? "ஆய்வுக்கு மட்டும்" என்று அச்சிட்டிருந்தால் அது மருந்தல்ல என்பதும் நினைவிருக்கட்டும்.

சீசாவின் மேல் ஒட்டியிருப்பது ஒரு பெயர்தான். உள்ளே வேறென்ன இருக்கிறது என்று கேட்கப் பழகுகிற பிள்ளை, விஞ்ஞானத்தில் பாதிக் கிணறு தாண்டிவிட்டது எனலாம்.