வெளி வன்தட்டு கணிப்பொறிக்குப் புலனாகாதபோது

ஒரு பருவத்தின் மழையளவுக் குறிப்புகள், மண் பரிசோதனை முடிவுகள், ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவுகள் ஆகிய அனைத்தும் இந்நாளில் உள்ளங்கையளவான ஒரு பெட்டியில் அடங்கிவிடுகின்றன. ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டே அது. மேசைக் கணிப்பொறியில் அதைச் செருகியும் திரையில் யாதொரு அறிகுறியும் தோன்றாவிடில், தட்டு கெட்டுவிட்டது என்று உடனே முடிவுகட்டுவோர் பலர். ஆயின், பல சமயங்களில் குறை தட்டில் இருப்பதில்லை. அதற்குச் செல்லும் மின்சாரத்தில் இருக்கிறது. பதிவுகள் கோளாற்றினால் அழிவதைப் போலவே, பதற்றத்தில் செய்யும் பரிகாரத்தாலும் அழிவதுண்டு. ஆகவே, எதை முதலிற் பார்ப்பது, எதைத் தொடவே கூடாது என்பதை ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

பெட்டியினுள் நிகழ்வதைச் சிறிது நோக்குவோம். கையடக்கத் தட்டுகளிற் பெரும்பாலானவை நிமிடத்திற்கு 5,400 முறை சுழல்வன. சுழலும் பரப்பின் மீது, சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை மிதந்து செல்கிறது. நின்ற தட்டைச் சுழலச் செய்ய மோட்டார் இழுக்கும் மின்னோட்டம், ஓடும்போது இழுப்பதைவிட மிகுதியாகும். 2.5 அங்குலத் தட்டுகள் இம்மின்சாரத்தை யு.எஸ்.பி. கேபிளின் வழியாகவே பெறுகின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு போர்ட்டிலிருந்து பெறக்கூடியது 500 மில்லி ஆம்பியர். 2008-இல் வந்த 3.0 விதிப்படி 900. கேபிள் நீண்டும் மெலிந்தும் இருப்பின், வழியிலேயே வோல்ட்டேஜ் குறைந்துவிடும். மின்தொடரின் கடைக்கோடியிலுள்ள பம்புசெட்டு முனகிக்கொண்டே சுழல மறுப்பதைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விளக்கு எரியும், தட்டு சுழலாது.

எனவே, முதற்கண் கணிப்பொறியின் முன்பக்கத்துப் போர்ட்டை விடுத்துப் பின்பக்கத்துப் போர்ட்டில் செருகிப் பார்த்தல் வேண்டும். பின்பக்கத்தவை மதர்போர்டிலேயே பதிந்தவை. முன்பக்கத்தவையோ பெட்டிக்குள் ஓடும் ஒரு தனிக் கேபிளை நம்பியிருப்பவை. உட்புறம் நீலநிறமான போர்ட்டு இருப்பின் அதையே தேர்க. இடையில் ஹப் அல்லது நீட்டிப்புக் கேபிள் இருந்தால் அகற்றுக. அடுத்து, கேபிளையே மாற்றிப் பார்க்க வேண்டும். பையில் மடங்கி மடங்கி முதலிற் பழுதாவது அதுவே. 3.5 அங்குலப் பெரிய தட்டுகளுக்கு மட்டும் தனி அடாப்டர் உண்டு; அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ட் வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டரை அதிற் செருகுவது தட்டைக் கொல்வதாகும்.

பின்னர், காதை அருகே வைத்துக் கேட்க வேண்டும். சீரான மெல்லிய இரைச்சல் நல்ல அறிகுறி. ‘டக், டக்’ என்று விட்டுவிட்டுக் கேட்குமாயின், மின்சாரம் போதாமை ஒரு காரணமாயிருக்கலாம். நல்ல கேபிளிலும் பின்பக்கப் போர்ட்டிலும் அவ்வொலி தொடர்ந்தால் படிக்கும் முனை பழுதுற்றதென ஐயுறலாம். உடனே இணைப்பை எடுத்துவிட்டு, பதிவுகளை மீட்பதில் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே தக்கது. பழைய ரேடியோவைத் தட்டிப் பாட வைத்த பழக்கம் இங்கே உதவாது. மூடியைத் திறப்பதும் அவ்வாறே. கண்ணுக்குத் தெரியாத தூசித் துகள்கூட முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரியது. சுழலும் பாகமற்ற எஸ்.எஸ்.டி. வகையில் ஒலியே இராது என்பதையும் நினைவிற் கொள்க.

தட்டு சுழன்றும் பெயர் தோன்றவில்லையெனில், விண்டோஸில் ஸ்டார்ட் பொத்தானை வலப்புறமாகச் சொடுக்கி ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியைத் திறந்து பார்க்கலாம். தட்டு அங்கே காணப்பட்டு, அதற்குரிய எழுத்து மட்டும் இல்லாதிருக்கலாம். அலுவலக வலைப்பின்னல் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட எழுத்துடன் மோதுவதும் உண்டு. புதிய எழுத்தொன்றை அளித்தால் தீர்ந்தது.

இவ்விடத்திற்றான் பேராபத்தும் உள்ளது. ‘ஃபார்மட் செய்யவா?’ என்றோ ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்றோ திரை வினவக்கூடும். பதிவுகள் வேண்டுமெனில் விடை ‘வேண்டாம்’ என்பதே. கணிப்பொறி இவ்வாறு வினவுவது, தட்டு வெறுமையாக இருப்பதால் அன்று; அதன் அமைப்பைத் தன்னால் படிக்க இயலாமையால். சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் முறையில் ‘இஎக்ஸ்டி4’ அமைப்பில் எழுதிய தட்டை விண்டோஸ் தானாகப் படிப்பதில்லை. அதே தட்டு லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் குறைவின்றித் திறக்கும். ஆதலால், வேறொரு கணிப்பொறியில் சோதியாமல் தட்டைக் குறைகூறுதல் முறையன்று.

‘செக்டிஸ்க்’ என்னும் திருத்தக் கட்டளையையும் முதலிலேயே இயக்கலாகாது. அது தட்டின்மீது எழுதித் திருத்துவது. தளர்ந்த தட்டை மேலும் வருத்தக்கூடும். இணைப்பு ஒருமுறை கிட்டியதும், திரும்ப உண்டாக்க இயலாத பதிவுகளை முதலில் வேறோரிடத்திற்குப் படியெடுக்க வேண்டும்; படங்களும் பாடல்களும் காத்திருக்கட்டும். பணி முடிந்தபின், தட்டைப் பாதுகாப்பாக நீக்கும் கட்டளையைக் கொடுத்தே கேபிளை உருவ வேண்டும். தட்டு இன்னும் உபயோகத்திலுள்ளது என்று கணிப்பொறி மறுத்தால், வாதாட வேண்டுவதில்லை. கணிப்பொறியை முறைப்படி அணைத்து, தட்டின் சுழற்சி நின்றபின் எடுத்துக்கொள்ளலாம்.