பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஊர்ப் படத்தின் மேல் அளவுகோலை வைத்தால் ஒன்று. காலால் அளந்தால் மற்றொன்று. நடப்பதா, சைக்கிளா, பஸ்ஸுக்குக் காத்திருப்பதா என்பதைப் பெரும்பாலும் இரண்டாவது விடைதான் முடிவு செய்கிறது.

வடசென்னையில் மூலக்கொத்தளம் என்றொரு பகுதி இருக்கிறது. கொத்தளம் என்பது கோட்டை மதிலில் காவலுக்காகத் துருத்தி நிற்கும் மேடை. 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கறுப்பர் நகரத்துக்கு எழுப்பிய மதிலின் மூலையில் இருந்த கொத்தளமே இந்தப் பெயரைத் தந்தது. மதிலைத் தாண்ட வாசலைத் தேடிப் போகவேண்டும். யானைக்கவுனி அப்படி ஒரு வாசல்.

மதில் போய்விட்டது. அதன் வேலையை இன்று தண்டவாளங்கள் செய்கின்றன! பேசின் பிரிட்ஜ் அருகே பல இருப்புப்பாதைகள் கூடிப் பிரிகின்றன. போதாததற்குப் பக்கிங்காம் கால்வாய் வேறு. எதிர்ப்புறத் தெரு கண்ணுக்குத் தெரியும்; போய்ச் சேரப் பாலம் வேண்டும். யானைக்கவுனிப் பாலம் பழுதாகி, இடித்துக் கட்டப்பட்டு, 2024-இல் திறக்கும்வரை வண்டிகள் வேறு வழி சுற்றின.

ஒரு கணக்குப் போடுவோமா? நேரே 500 மீட்டர், பாலம் வழியே 1,500 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடந்தால், 6 நிமிட நடை 18 நிமிடமாகிறது. மணியடிக்கப் பத்து நிமிடமே இருக்கும்போது கால் எங்கே போகும்? தண்டவாளத்துக்குத்தான். அது சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். ஒரு ரயிலின் இரைச்சலில், பக்கத்துப் பாதையில் வரும் மற்றொரு ரயிலின் ஓசை அமுங்கிவிடும். அதுதான் உயிரை வாங்குகிறது.

மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சைக்கிள் மிதித்தால் சுற்றுவழிக்கும் 6 நிமிடமே. ஆனால் பாலம் ஏறவேண்டுமே! நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ, பாலத்தின் உயரம் 7 மீட்டர் என்றால், ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 4,800 ஜூல் வேலை. சமதரையில் சில நூறு மீட்டர் மிதிப்பதற்கு அது சமம். இதையாவது சமாளிக்கலாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி பின்னால் உறுமும்போது உண்டாகும் பயத்தை எந்த அலகில் அளப்பது? சைக்கிளை வீட்டிலேயே நிறுத்திவைப்பது அந்தப் பயம்தான் என்பது என் எண்ணம்.

சென்னைப் பயணங்களில் சைக்கிளின் பங்கு 1992-இல் சுமார் 14 சதவீதம், 2008-இல் 6. நடையோ ஏறக்குறைய அப்படியே, 28 சதவீதத்தில் நின்றது. நடப்பவர்களில் பலருக்கு வேறு வழியில்லை! 2014-இல் மாநகராட்சி, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்போருக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்குவதெனக் கொள்கை வகுத்தது.

உங்கள் பள்ளிக்கும் அளந்து பாருங்கள். நடக்கும் தூரத்தை நேர்த்தூரத்தால் வகுங்கள். விடை 2-க்கு மேல் வந்தால், எந்த இடத்தில் ஒரு நடைப்பாலமோ சுரங்கப்பாதையோ அமைந்தால் அது குறையும் என்று படத்தில் பென்சிலால் குறியுங்கள்.