பக்கத்தில் இன்னொரு வீணை

காரைக்குடி சகோதரர்களின் பழைய புகைப்படத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே வாத்தியத்தை இரண்டு விதமாகப் பிடித்திருக்கிறார்கள். தம்பி சாம்பசிவ ஐயர் எல்லாரையும் போல வீணையைக் கிடத்தி வைத்திருக்கிறார். அண்ணன் சுப்பராம ஐயரோ அதை நட்டமாக நிறுத்தியிருக்கிறார். மேல்நாட்டு செல்லோக்காரர் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாரோ என்று நினைக்கத் தோன்றும். பிடி வேறு என்றாலும், மேடையில் இரண்டும் ஒரே வீணையாகக் கேட்டன என்பதுதான் அவர்கள் புகழின் அடித்தளம். புதுக்கோட்டை மிருதங்கமேதை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறார். புதுவயலில் அரிசி ஆலைச் சத்தத்துக்கு நடுவே வளரும் ஒரு பிள்ளைக்குப் பக்கத்துக் காரைக்குடி என்றதும் ஆயிரம் ஜன்னல் வீடும் சாப்பாடும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பெயரைச் சங்கீத உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்த ஜோடி. 1930-களில் அண்ணன் மறைந்து, பக்கத்து இடம் காலியானது. சாம்பசிவ ஐயர் பாடம் சொல்லிக்கொடுத்த முறை அந்த இடத்தை நிரப்பும் முயற்சியிலிருந்து பிறந்தது என்பதே என் கணிப்பு.

இதற்கு முதல் சாட்சி ரங்கநாயகி ராஜகோபாலன். 1932-இல் பிறந்தவர், சின்னஞ்சிறு வயதிலேயே குருகுலத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு குருவோடு மேடையேறி இணையாக வாசித்தார். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் வாசித்து வந்த வீட்டு வித்தையில் அண்ணன் உட்கார்ந்த இடம் ஒரு சிறுமிக்குக் கிடைத்தது சாதாரண விஷயமல்ல. அங்கே நோட்டுப் புத்தகத்துக்கு வேலை குறைவு. குரு வாசிப்பார், சீடர் திருப்பி வாசிக்க வேண்டும், சரியாக வரும்வரை அதே வரிதான். இது வெறும் பழைய வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. வீணையின் தண்டியில் மெழுகின்மேல் பதித்த மெட்டுகள் 24. ஆனால் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு மூன்று ஸ்வரங்கள் பிறக்கும். எவ்வளவு இழுப்பது, இழுத்த ஒலி அடங்கும் முன் மறுபடி மீட்டுவதா, அடங்க விடுவதா, சுண்டுவிரல் எப்போது தாளத் தந்திகள் மூன்றையும் தொடுவது: இவற்றை ‘ஸரிகம’ எழுத்து சொல்லாது. காரைக்குடி பாணியின் உயிர் வலக்கை மீட்டில், அதிலும் ராகத்தைத் தாளக்கட்டு இல்லாமல் லய ஓட்டத்தோடு விரிக்கும் தானத்தில் இருக்கிறது. இரண்டு வீணை ஒன்றாகக் கேட்க வேண்டுமானால் இந்த மீட்டுகள் ஒரே கணத்தில் விழ வேண்டும். அதற்குப் பக்கத்தில் இருந்து கேட்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

இப்படிப் பயிற்றினால் அச்சுப் பிரதிதானே மிஞ்சும் என்பார்கள். செல்லோ உலகமே இந்தச் சந்தேகத்துக்கு ஆதரவாகச் சாட்சி சொல்லும். பாப்லோ கசால்ஸ் சிறுவனாக இருந்த காலத்தில், வில் பிடிக்கும் கை உடம்பை விட்டு விலகக் கூடாதென்று அக்குளில் புத்தகத்தை இடுக்கி வாசிக்கச் சொல்வது வழக்கம். அவர் அதை உதறினார்; செல்லோ வாசிப்பே மாறியது. ஆனால் அங்கே திணிக்கப்பட்டது உடம்பின் தோரணை. காரைக்குடியிலோ அண்ணனும் தம்பியும் ஒரே தோரணையில்கூட உட்காரவில்லை. ஒன்றாக இருக்க வேண்டியது ஒலி மட்டுமே. சாம்பசிவ ஐயரிடம் படித்தவர்களும் ஒரே வழியில் போய்விடவில்லை. சுப்பராம ஐயரின் பேத்தி ராஜேஸ்வரி பத்மநாபன் மைசூர் வாசுதேவாச்சாரியாரிடமும் பயின்று, சொந்தமாக உருப்படிகள் அமைத்தார், கலாக்ஷேத்திராவில் பாடம் சொன்னார். அவருடைய தம்பி காரைக்குடி சுப்பிரமணியன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வில் முனைவரானார். பிரதிகள் இப்படிக் கிளை பிரியாது.

இன்னொரு ஆட்சேபத்துக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த முறை எத்தனை பேருக்கு எட்டியது? பக்கத்து இடம் ஒன்றுதான். குருவின் வீட்டோடு வாழ முடிந்தவருக்கே அது வாய்க்கும். சாதியும் வசதியும் வாசலிலேயே பலரை நிறுத்திவிட்டன. கண்டிப்பை எவ்வளவு கொண்டாடினாலும் அதைத் தாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை. 1952-இல் சங்கீத கலாநிதி பட்டமும் சங்கீத நாடக அகாதெமி விருதும் பெற்ற சாம்பசிவ ஐயர் கடைசிக் காலத்தில் கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்தார், 1958-இல் மறைந்தார். அவர் ஸ்வீகாரம் எடுத்துக்கொண்ட பிள்ளைதான் சுப்பிரமணியன். 1989-இல் சென்னையில் ‘பிரஹத்த்வனி’ என்ற அமைப்பைத் தொடங்கிய அவர், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் ஒரு கமகத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, வாய்விட்டு விளக்கி, வீணை வீட்டில் பிறக்காத பிள்ளைகளுக்கும் புரியும்படி ஒரு பாடமுறையை வகுத்தார். குரு வாயால் விளக்காமல் விரலால் காட்டியதையெல்லாம் மகன் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.