பழம்பெயரும் புதுத்திறனும்

தொழில் நின்ற பின்னும் அதன் பெயர் நிலைத்திருப்பதுண்டு. தூத்துக்குடியில் இயற்கை முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றது. எனினும் அவ்வூர் இன்றும் ‘முத்து நகர்’ என்றே அழைக்கப்படுகிறது. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், சிப்பிக்குள் கருவைப் பொருத்தி முத்து விளைவிப்பதில் இங்கு வெற்றி கண்டது. பெயர் பழையது, முறை புதியது.

ஊர்தித் துறையிலும் இத்தகைய முயற்சி நிகழ்கிறது. கரடுமுரடான பாதைகளுக்கென அமெரிக்காவில் உருவான ‘ஸ்கவுட்’ ஊர்தியின் உற்பத்தி 1980இல் நின்றது. 2022இல் ஃபோக்ஸ்வாகன் குழுமம் அப்பெயரை மின் ஊர்திகளுக்காக மீட்டெடுத்தது. பெட்ரோல் எஞ்சின் போதிய வேகத்தில் சுழன்ற பின்னரே முழு முறுக்குவிசையைத் தரும். மின்மோட்டாரோ நின்ற நிலையிலேயே தரும். மணலிலும் மேட்டிலும் மெல்ல ஏறுவதற்கு இப்பண்பு உதவும். ஆயினும், மின்கலத் தொகுதியின் எடையும் தொலைதூரப் பாதைகளில் மின்னேற்ற வசதியின்மையும் தடைகளாகும். பழம்பெயர் மக்களின் கவனத்தை ஈர்க்கும். புதுத்திறனே அவர்தம் நம்பிக்கையைக் காக்கும்.

2017இல் தோன்றிய வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்திற்குப் பழம்பெயர் இல்லை. அந்நிறுவனம் 2025 ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் மின் மகிழுந்துத் தொழிற்சாலையைத் தொடங்கியது. அதன் தொடக்க உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 50,000 மகிழுந்துகள். உதிரி உறுப்புகளின் இறக்குமதிக்கும் மகிழுந்துகளின் ஏற்றுமதிக்கும் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் துணைநிற்கும்.

மூச்சடக்கிச் சிப்பி தேடும் திறனைத் தலைமுறைதோறும் பயின்ற கடற்கரை இது. மின்கலத்தையும் மின்னணுக் கருவிகளையும் கையாளும் திறனை இன்றைய இளைஞர் பயிலுதல் வேண்டும். அப்போதுதான் ஆலையின் பயன் ஊரைச் சேரும்.