பரணில் கிடக்கும் முதல் கோடு

வளர்ந்த ஓவியர் ஒருவர் தம் குழந்தைப் பருவப் படங்களைக் கண்டெடுத்த நிகழ்வுகளில் தெளிவாகப் பதிவான ஒன்று, 1902-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்தது. பால் கிளீக்கு அப்போது 22 வயது. மியூனிக்கில் ஓவியம் படித்து, இத்தாலியைச் சுற்றிவிட்டுப் பெற்றோர் வீட்டில் தங்கியிருந்தார். அங்கே சின்ன வயதில் தாம் வரைந்த தாள்கள் அகப்பட்டன. அதுவரை தாம் வரைந்தவற்றில் அவையே முக்கியமானவை என்று, மணக்கவிருந்த லில்லிக்கு அக்டோபரில் கடிதம் எழுதினார்.

அவரை வரையப் பழக்கியவர் பாட்டி. 1911-ல் கிளீ தம் படைப்புகளுக்குப் பட்டியல் போடத் தொடங்கியபோது, இந்தச் சிறுவயதுப் படங்களில் 18-ஐ அதில் சேர்த்தார். பள்ளி நாட்களில் பார்த்துப் பார்த்துத் திருத்தமாக வரைந்தவற்றில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார். கைத்திறன் கூடிய படங்களைத் தள்ளி, கை தடுமாறிய படங்களை எடுத்துக்கொண்ட இந்தத் தேர்வே அந்தக் கண்டெடுப்பின் சாரம்.

குழந்தை தனக்குத் தெரிந்ததை வரைகிறது. கண்ணுக்குப் படுவதை மட்டும் வரைவதில்லை. பக்கவாட்டில் நிற்கும் மாட்டுக்கும் இரண்டு கண், வண்டிக்கு நான்கு சக்கரமும் தெரியவேண்டும், வீட்டுச் சுவர் வழியே உள்ளே இருக்கும் அம்மாவும் தெரியவேண்டும். திருமலையை வரையும் பிள்ளை ஏழு மலையையும் எண்ணி வைக்கும். பயிற்சி இதைப் பிழை என்று திருத்துகிறது. திருத்தப்பட்ட கை பழைய கோட்டை நினைத்தபோது போட முடியாது. தாள் மிஞ்சியிருந்தால்தான் அதைத் திரும்பப் பார்க்கலாம். கிளீ தம் மகன் ஃபெலிக்ஸ் வரைந்த படங்களையும் பத்திரப்படுத்தினார்.

வளர்ந்து தன் பழைய படங்களைத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பே கொச்சியின் சிறுவன் எட்மண்ட் தாமஸ் கிளின்ட்டுக்கு அமையவில்லை. 1976-ல் பிறந்து, 1983-ல் ஏழு வயது நிறையுமுன் சிறுநீரக நோயால் இறந்தான். வரைந்தவை ஏறத்தாழ 25,000. பெற்றோர் எடுத்து வைத்ததால்தான் அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

தாளை எடுத்து வைப்பது ஒரு வழி; சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் துணியில் கோடே அழியாமல் நிற்பதற்கான வித்தை வெகு காலமாகத் தெரியும். முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் இருக்கும் காளஹஸ்தியில், கலம்காரி ஓவியர் முதலில் புளியங்குச்சிக் கரியால் துணியில் உருவம் போடுகிறார். துணி முன்பே கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தது. அதன்மேல் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த சாற்றை கலம் எனும் மூங்கில் பேனாவால் இழுக்க, கடுக்காயின் துவர்ப்போடு இரும்பு சேர்ந்து கறுப்பு ஊன்றுகிறது. அலசும்போது கரிக்கோடு போய்விடும், கறுப்புக்கோடு நிற்கும்.

பிள்ளைகளின் படம் இந்தக் கரிக்கோட்டைப் போன்றது. மட்டமான தாளில் மரக்கூழின் லிக்னின் இருப்பதால் வெளிச்சம் பட்டுப் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். ஸ்கெட்ச் பேனா மை வெளுக்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஓட்டுக்கடியில் உள்ள பரணில் கிரேயான் மெழுகு இளகி அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை வரும். கரையானும் இராமபாணப் பூச்சியும் மிச்சத்தை முடிக்கும். செல்லோ டேப் ஒட்டினால் அதன் பசையே கறையாகும்.

காப்பாற்றப் பெரிய செலவில்லை. பின்பக்கம் பென்சிலால் பெயர், வயது, தேதி எழுதி, மடிக்காமல், இடையே வெள்ளைத் தாள் வைத்து, வீட்டுக்குள் உலர்ந்த அலமாரியில் தட்டையாக வைத்தால் போதும். லேமினேட் செய்ய வேண்டாம். பிறகு தாளைப் பிரிக்க முடியாது. போகிக்கு வீடு ஒழிக்கும்போது பழைய நோட்டுகளைத் தீயில் போடுமுன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.